ஜெனரேட்டரும் மீன் ரோல்ஸும்

கல்யாணம் முறிந்து, குரோருட் பகுதியில் இருந்த வீட்டைவிட்டு வெளியேறி, என் பங்குக்குக் கிடைத்ததில் ஒரு பழைய படகை வாங்கி அதிலேயே குடியேறினேன். ஒஸ்லோவில் வேறெதுவும் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தமிழ்ச் சனத்துக்குள் செய்தி ஒரே நாளில் பரவியது. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கண்ட என் அக்கா, "எல்லாரும் பிளேன் ஏறி இஞ்சை வந்து வீடு வாங்கினவை. நீ மட்டும் தோணி ஏறிட்டாய்" என்று சிரித்தாள். பகிடிதான். ஆனால் அவள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பதினான்கு வயது மகள் தகப்பனோடு குரோருட்டிலேயே இருந்தாள். ஒரு வார இறுதி விட்டு ஒரு வார இறுதியில் என்னிடம் வருவாள். முதல் குளிரிலேயே சொல்லிவிட்டாள்: "அம்மா, எனக்குப் போட் பிடிச்சிருக்கு. ஆனா உள்ளுக்கை குளிர்ந்தா நான் வரமாட்டன்."

நியாயம்தானே. படகு கட்டியிருந்த துறையிலிருந்து வரும் கரண்ட் ஒரு ஹீட்டருக்குத்தான் காணும். இரண்டாவதைப் போட்டால் பியூஸ் போய்விடும். எனவே அந்த இரண்டாவது ஹீட்டருக்கென்று ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கினேன். அவள் வரும் நாட்களில் மட்டும், படகு சூடேறும்வரை ஓடவிடுவேன்.

ஜெனரேட்டர்தான் சின்னது, சத்தம் சின்னதல்ல. பக்கத்துப் படகு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நோர்வேக்காரர், தனியாக வசித்தார். முதல் நாளே போய்க் கேட்டேன், சத்தம் தொல்லையா என்று. இல்லவே இல்லை, பரவாயில்லை என்றார். நானும் அத்தோடு விடவில்லை. ஜெனரேட்டரைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு மீன் ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பேன். ரசித்துச் சாப்பிடுவார். தட்டைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவார். எங்கள் ஆட்கள் வெறுந்தட்டைத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு தோடம்பழமாவது வைத்துத்தான் தருவார்கள். அதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டேன். என் கையால் வாங்கிச் சாப்பிடுகிற மனுசன் என்னைப் பற்றி வெளியில் முறைப்பட மாட்டான் என்று நானாக முடிவுகட்டியிருந்தேன். பிடிக்கவில்லையென்றால் வேலிக்கு மேலால் எட்டிப் பேசுகிற சனத்தில் பிறந்தவள் நான். பேசாமல் இருப்பதற்குள் ஒரு முறைப்பாடு இருக்கலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை துறை முழுவதும் கரண்ட் போய்விட்டது. படகுகளைச் சுற்றித் தண்ணீர் உறைந்து கிடந்தது. அவர் வந்து என் கதவைத் தட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் கேட்கும் முன்னமே, எங்கள் ஹீட்டரைக் கழற்றிவிட்டு ஜெனரேட்டரிலிருந்து அவருடைய படகுக்கு வயரை இழுத்துக் கொடுத்தேன். மகள் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "பாவம் அம்மா, அவருக்குக் குடுங்கோ" என்றாள். அன்று முழுவதும் அது அவருக்காகத்தான் இரைந்தது. அன்று அந்தச் சத்தம் அவருக்கு இனித்திருக்கும்.

வசந்தத்தில் துறைச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் நடந்தது. துறைக்குள் யாரும் ஜெனரேட்டர் ஓட்டக்கூடாது என்று ஒரு தீர்மானம். கொண்டுவந்தவர் பேசலாம் என்று தலைவர் சொல்ல, எழுந்து நின்றவர் பக்கத்துப் படகுக்காரர். மிகப் பணிவாகப் பேசினார். என் பெயரைச் சொல்லவில்லை, "சிலர்" என்றார். அந்தத் துறையில் ஜெனரேட்டர் வைத்திருந்தது நான் ஒருத்திதான். நான் எழுந்து மகளைப் பற்றிச் சொன்னேன், குளிரைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் கனிவாகத் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, எல்லோரும் தடைக்குக் கையை உயர்த்தினார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது எனக்கும் ஒரு வாஃபிள் எடுத்துக்கொண்டு வந்தார். இதைத் தனிப்பட்ட விஷயமாக எடுக்கக்கூடாது என்றார். நான் நேரே கேட்டேன்.

"பிடிக்கவில்லையென்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "உங்களைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை" என்றார்.

தனியே ஒரு வார்த்தை சொன்னால் சங்கடமாம். முழுத் துறைக்கும் முன்னால் என்னை நிறுத்தி வைத்தால் அது ஒழுங்காம். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன், இந்தக் கணக்கு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வாஃபிளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த குளிருக்கு மகள் ஒரேயொரு முறை வந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றாமலே சோறு சாப்பிட்டாள். விடிந்ததும் தகப்பனுக்கு மெசேஜ் அடித்தாள். "கோவிக்காதேங்கோ அம்மா, சம்மருக்கு வாறன்" என்றாள். என்னத்தைக் கோவிக்க? அவள் முதலே முகத்துக்கு நேரே சொன்னவள். அவள் போனபிறகு தனியே இருந்து அழுதேன்.

போன கிழமை படகின் மேல்தட்டில் பனியை வழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகிலிருந்து அவர் கையசைத்தார்.

"உங்கள் மகளைக் கனகாலமாகக் காணவில்லையே, சுகமாக இருக்கிறாளா?"

கேட்டதில் கள்ளமில்லை. உண்மையாகவே அக்கறையோடுதான் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. தமிழிலும் இருந்தது, நோர்வே மொழியிலும் இருந்தது.

"நல்ல சுகமாக இருக்கிறாள், நன்றி" என்று சிரித்துவிட்டு, மிச்சப் பனியை வழித்தேன்.