பதினொரு விவசாயி மகன்கள்

விண்ணரசியை முதலில் எனக்குப் பிடிக்காது. இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் மீதி எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே ஆங்கில ஆசிரியர், பெயர் நாகநாதன். அவர் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, செய்முறைத் தேர்வுக்கு உப்புகளைப் பொட்டலம் கட்டுவது, இவைதான் அவருடைய வேலை. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கும் அவருக்கும் ஒரு வம்பும் இருந்திருக்காது.

அவர் நிறுத்தவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் பதினொன்றாம் வகுப்பு என்றால் மூச்சு வாங்கும் வருடம். பத்தாவதில் ஓடி வந்த களைப்பு ஒருபக்கம், பன்னிரண்டாவதில் ஓட வேண்டிய ஓட்டம் மறுபக்கம். பொதுத்தேர்வும் இல்லை என்று ஆனபிறகு கேட்கவே வேண்டாம். ஆசிரியர்களாகிய நாங்களே அவர்களைக் கண்டுகொள்வதில்லை. விண்ணரசி மட்டும் ஜூன் மாதமே அவர்களை ஆய்வகத்துக்கு வரச்சொல்லி, அமில பாட்டில்கள் இருக்கிற அலமாரியின் கதவைக் காட்டுவார். கதவு முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருக்கும். எந்த நுழைவுத் தேர்வுக்கு எந்த மாதம் விண்ணப்பம், எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ், எந்தக் கோடை முகாமுக்கு எது கடைசித் தேதி என்று அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருக்கும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை பஸ் ஏற்றிக்கொண்டு எங்காவது போவார். ஒருமுறை சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறைக்குப் போய், மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் போய் உட்காருவதைக் காட்டிக் கூட்டிவந்தார். ஸ்டாஃப் ரூமில் நான் அவருக்கு வைத்த பெயர் துணைவேந்தர்.

"இன்னைக்கு துணைவேந்தருக்கு எந்த ஊர்ல பட்டமளிப்பு விழா?" என்று ஒருநாள் அவர் காதுபடவே கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பன்னெண்டாவதுல போய்ச் சொன்னா லேட்டு சார். ஆத்துல தண்ணி வந்தப்புறம் விதைநெல்லு தேடுனா, நாத்து எப்ப விடுறது, நடவு எப்ப நடுறது?" என்றார்.

அவருடைய அப்பா ஆசீர்வாதம் திருவையாற்றுப் பக்கம் குத்தகைக்குப் பயிர் செய்தவர். பன்னிரண்டாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த மகள், ஐந்து வருட அறிவியல் படிப்பில் சேரலாம் என்று யாரோ சொல்லி விசாரிக்கப் போனபோது, விண்ணப்பம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிடைத்த கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தார். என்னிடம் இதை ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே.

சரி, என் பெருமைக்கு வருகிறேன். பத்தொன்பது வருடமாக என் பாடத்தில் ஒருவர்கூடத் தோற்றதில்லை. நாகநாதன் நோட்ஸ் என்றால் பேராவூரணி வரைக்கும் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பார்கள். என் முறை எளியது. கேள்விக்கான பதிலைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டு அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும். ஒரு சொல்லை மாற்றினால் அரை மதிப்பெண் குறைப்பேன். சொந்தமாக எழுதினால் தப்பு வரும், தப்பு வந்தால் மதிப்பெண் போகும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

இந்த வருடம் ஜனவரியில் விண்ணரசி பதினொரு விண்ணப்பங்களைக் கொண்டுவந்தார். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் மே மாதத்தில் பதினைந்து நாள் அறிவியல் முகாம் நடத்துகிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். மாநிலம் முழுவதற்கும் நாற்பது இடம். தேர்வானவர்களுக்கு ஒரு விஞ்ஞானி துணை இருந்து, பன்னிரண்டாவது முடித்து நல்ல கல்லூரியில் சேரும்வரை கூடவே வருவார். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆள் எங்கே கிடைப்பார்? விண்ணரசி அந்தக் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார்.

"இந்த முகாமுக்கு ஏன் வர நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. புள்ளைங்களே எழுதிட்டாங்க. எனக்குப் பன்னெண்டாவது பிராக்டிகல் வேலை இருக்கு. நீங்க இங்கிலீஷ் மட்டும் பாத்து அனுப்பிடுங்க சார்" என்றார்.

பார்த்தேன். வரிக்கு இரண்டு பிழை. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் தாள்களை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பதினொரு பேரையும் உட்காரவைத்து, கரும்பலகையில் ஒரு பதில் எழுதினேன். 'நான் ஓர் ஏழை விவசாயியின் மகன்' என்று ஆரம்பித்து, அறிவியலால் நாட்டை உயர்த்துவேன் என்று முடியும், பிழையே இல்லாத ஆங்கிலம். பிள்ளைகள் எழுதினார்கள். அன்று மாலையே நானே அனுப்பினேன். அவரவர் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேனா, அல்லது அதைப் பற்றி நினைக்கவே இல்லையா என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டாவதுதான் உண்மை.

பிப்ரவரி கடைசியில் தலைமையாசிரியர் இராஜாங்கம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கணினியில் நிறுவனத்தின் கடிதம் திறந்திருந்தது. பதினொரு விண்ணப்பங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன, பதினொருவரும் ஏழை விவசாயியின் மகன்கள் என்று எழுதியிருக்கிறார்கள், இவர்களில் ஆறு பேர் மாணவிகள், நகல் எடுத்தவை என்று கருதி அனைத்தையும் நிராகரிக்கிறோம் என்று இருந்தது.

"பேரு கெட்டுப்போச்சு. இனிமே ப்ளஸ் ஒன் பசங்கள வச்சு இந்த வேலையெல்லாம் வேணாம். அந்த அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்கறதையும் எடுத்துடுங்க" என்றார் தலைமையாசிரியர், விண்ணரசியைப் பார்த்து.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் விரலில் அப்போதும் சாக்பீஸ் தூள் இருந்தது. விண்ணரசி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான் ஒரு தடவ பாத்துட்டு அனுப்பியிருக்கணும் சார். எம்மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் ஐம்பத்தேழு வயது ஆள். அவரைப் போகவிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குப் போனேன். அவர் அலமாரிக் கதவில் இருந்த காகிதங்களைக் கத்தி முனையால் கிழியாமல் பெயர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜஸீலா என்ற பெண் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பதினொருவரில் ஒருத்தி. அவளுடைய வாப்பா ரியாத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறார். அவர்கள் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் வயலில் இறங்கியதில்லை.

"உங்க வாப்பா விவசாயியா? நீ மகனா? எழுதும்போது தோணலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"போர்டுல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பெண் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னாள். பத்தொன்பது வருடத்துப் பெருமை ஒரே வரியில் போய்விட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாக பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் வாயை இப்படி அடைத்திருப்பேன் என்கிற பயம்.

நேராக இராஜாங்கத்தின் அறைக்குப் போய், எழுதிப்போட்டது நான், அனுப்பியதும் நான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பினார். அங்கேயே உட்கார்ந்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். அலங்காரம் எதுவும் இல்லை. தப்பு பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது, தண்டனையை எனக்குக் கொடுங்கள், அவர்களை ஒருமுறை பேசவிடுங்கள் என்று எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு நாள் கழித்து பதில் வந்தது. முகாமை நடத்துகிற விஞ்ஞானி ஒரு பெண்மணி. புதிதாக எழுதி அனுப்ப ஐந்து நாள் கொடுத்திருந்தார். தமிழிலேயே எழுதலாம். அதன்பிறகு ஒவ்வொருவரிடமும் வீடியோவில் பேசுவாராம். ஒரு வரியாவது ஒன்றுபோல் இருந்தால் இனி எங்கள் பள்ளிக்கு இடமே இல்லை என்றும் கறாராகச் சொல்லியிருந்தார்.

விண்ணரசி பதினொரு பேரையும் ஆய்வகத்தில் உட்காரவைத்தார். நான் கடைசி பெஞ்சில், வாயை மூடிக்கொண்டு.

"உங்களுக்குத் தெரிஞ்சு, எனக்கும் சாருக்கும் தெரியாத ஒண்ண சொல்லுங்க" என்றார்.

முதல் நாள் எல்லோரும் கரும்பலகையையே பார்த்தார்கள். விண்ணரசி அதைத் திருப்பிச் சுவரோடு சாய்த்துவிட்டார். இரண்டாம் நாள் எல்வின் மெல்ல ஆரம்பித்தான். நிலா வெளிச்சம் அதிகமான நாட்களில் பிடிக்கிற நண்டில் சதையே இருக்காது, அது ஏன் என்று அப்பாவின் படகில் யாருக்கும் தெரியாது என்றான். உண்மையான விவசாயி மகளான தையல்நாயகி, அறுவடை மெஷின் திரும்புகிற மூலையில் மட்டும் அடுத்த போகம் பயிர் மஞ்சளடிக்கிறது என்றாள். எனக்கு இரண்டும் தெரியாது.

ஜஸீலா மூன்றாம் நாள்தான் பேசினாள். "எங்க வீட்டு அடிபம்புத் தண்ணியில மே மாசம் பருப்பு வேகணும்னா குக்கர் ஒம்பது விசில் அடிக்கணும் அக்கா. ஆத்துத் தண்ணி கடைமடைக்கு வந்து மூணு வாரம் ஆனா அஞ்சு விசிலே போதும். ஆறு வத்துனா திரும்ப ஏறும். உப்ப ஆத்துத் தண்ணி கீழ தள்ளுதுன்னு நெனைக்கிறேன். ரெண்டு வருஷமா காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்."

"யாரு குறிக்கச் சொன்னா?" என்று விண்ணரசி கேட்டார்.

"யாரும் சொல்லலக்கா. உம்மா விசில எண்ணச் சொல்லுவாங்க. நான் எழுதி வச்சேன்."

விண்ணரசி எழுந்து போய் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தார். அந்த ஐந்து நாளில் நான் ஒரே ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. கை அரித்தது, உண்மைதான். இம்முறை விண்ணப்பங்களை அனுப்பியவரும் நான் இல்லை. பிள்ளைகள் அவரவர் விண்ணப்பத்தை அவரவரே அனுப்பினார்கள்.

வீடியோவில் பேசுகிற நாளன்று ஜஸீலாவின் உம்மா சைத்தூன் பீவி கூடவே வந்தார். பதினைந்து நாள் பெண்ணைச் சென்னைக்கு அனுப்புவதில் அவருக்குச் சம்மதம் இல்லை. என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். காலண்டர் தாள்களை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

திரையில் அந்த விஞ்ஞானி விடாமல் கேட்டார். எப்போதும் ஒரே பருப்பா? அளவு ஒன்றா? குக்கர் ஒன்றா?

"ரேஷன் துவரம்பருப்புதாங்க மேடம். ஒரே டம்ளர் அளவு. குக்கரும் அதேதான். ஒரு தடவ மட்டும் புது வாஷர் போட்டோம். அது பழகுற வரைக்கும் ஒரு மாசம் விசில் சீக்கிரம் வந்துச்சு. அதனால அந்த மாசத்துக் கணக்க அடிச்சிட்டேன்" என்றாள் ஜஸீலா.

"எந்த மாதம்?"

ஜஸீலா யோசித்தாள். வாசலிலிருந்து சைத்தூன் பீவி எழுந்து உள்ளே வந்து, திரைக்கு முன்னால் குனிந்து, "போன வருஷம் பிப்ரவரிங்க. நாந்தான் கடைத்தெருவுல வாங்கிட்டு வந்தேன்" என்றார். விஞ்ஞானி சிரித்துவிட்டார். பிறகு அம்மாவையும் உட்காரச் சொல்லி இன்னும் கால் மணி நேரம் பேசினார். வெளியே வரும்போது சைத்தூன் பீவி விண்ணரசியிடம், "சென்னைக்கு எத்தன ஜோடி துணி எடுத்து வைக்கணும்?" என்று கேட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்தில், மூன்றாவது பீரியடில், என் போன் அடித்தது. அந்த விஞ்ஞானிதான். கடிதத்தில் என் எண் கொடுத்திருந்தேன்.

"சார், உங்க பிள்ளைகள் மறுபடியும் ஒரு இடத்தில் பதினொரு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க" என்றார்.

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"வழிகாட்டி ஆசிரியர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேரும் இல்ல, தலைமையாசிரியர் பேரும் இல்ல. பதினொரு பேரும் விண்ணரசின்னு எழுதியிருக்காங்க. யாரு சார் அவங்க? எட்டுப் பிள்ளைகளை எடுத்திருக்கோம். எந்தப் பள்ளியிலிருந்தும் இத்தனை பேர் இல்ல. அவங்களையும் கூட்டிட்டு வரச்சொல்லுங்க. பதினைந்து நாளும் வழிகாட்டி ஆசிரியரா அவங்க இங்க இருக்கணும்."

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். நான் ஓடி அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. ஜஸீலா, எல்வின், தையல்நாயகி என்று விஞ்ஞானி படித்துச் சொன்ன எட்டுப் பெயரையும் மூச்சு வாங்கச் சொன்னேன். விண்ணரசி பியூரெட் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். கிடைக்காத மூன்று பேருக்கும் ஜூனில் வேறொரு தேர்வு இருக்கிறது, அதற்கு இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு அவரையும் அழைத்திருக்கிறார்கள், ஆசிரியர் என்று அழைத்திருக்கிறார்கள் என்றேன்.

"நான் டீச்சர் இல்லையே சார். தப்பா எழுதிட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்க. இந்தப் பதில நான் போர்டுல எழுதிப் போடல. புள்ளைங்களா எழுதுனது" என்றேன்.

அவர் பியூரெட்டை அதன் தாங்கியில் மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழட்டும் என்று நான் அலமாரிப் பக்கம் போனேன். மேசை இழுப்பறையில் அவர் பெயர்த்து வைத்த காகிதங்கள் அப்படியே இருந்தன. பசை பாட்டிலை எடுத்து, ஒவ்வொன்றாக, அது அது இருந்த இடத்திலேயே கதவில் ஒட்ட ஆரம்பித்தேன்.