ஹிஸ்கே சொன்ன பனி

எங்கள் ஈஸ்டர்ஹெம் கிராமத்துக்கு ஐஸ் மணியக்காரி ஹிஸ்கேதான். ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு ஐஸ் சங்கம், சங்கத்துக்கு ஒரு புல்வெளி. டிசம்பரில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிரப்பிவிட்டுக் குளிருக்காகக் காத்திருப்போம். மேலே ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு உறைந்துவிட்டால் கொடி ஏற்றி ஊரே சறுக்கலாம். துளை போட்டு அளந்து, திறக்கலாம் என்று சொல்லும் அதிகாரம் மணியக்காரி ஒருத்திக்குத்தான். சங்கத்துக்குத் தலைவர் என்று நான் ஒருவன் இருக்கிறேன். பெயர் ரொம்மர்ட், முப்பது மாடு வைத்திருக்கிறேன். ஐஸ் விஷயத்தில் என் பேச்சை மாடுகூட மதிக்காது.

ஹிஸ்கே பால் லாரி ஓட்டுகிறவள். இருபத்தாறு வருஷமாக ஊர் விழிப்பதற்குள் எழுந்து, பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றுகிறாள். ஐம்பத்தேழு வயது, கனத்த குரல், எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கும் வாய். லாரிக்குள் மூன்று வெப்பமானி தொங்கும். போனில் வானிலை சொல்லும் செயலி மட்டும் ஏழு. போதாக்குறைக்கு, வடக்கே தீவில் இருக்கும் சித்தி மகனைக் கூப்பிட்டு, "காத்து எந்தப் பக்கமிருந்துடா அடிக்குது?" என்று கேட்பாள். இத்தனை பேரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் தானாக ஒன்று சொல்வாள் பாருங்கள், அது மட்டும் நடக்காது.

மூன்று வருஷம் முன்பு மூன்று சென்டிமீட்டர் உறைந்திருந்தபோது, திங்கட்கிழமை வரைக்கும் ஐஸ் உருகாது, அதற்குள் கனத்துவிடும் என்று அடித்துச் சொன்னாள். நம்பி ஒரு அண்டா பட்டாணி சூப் காய்ச்சிக் கொண்டுபோனோம். கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு அத்தனை சூப்பையும் குடித்து முடித்தோம். அதிலிருந்து பேக்கரிக்கார இட்சன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஹிஸ்கே மழைன்னாளா? அப்போ துணியைக் காயப் போடுங்க" என்பான். அவள் காதுபடவே சொல்வான். அவளும் சிரித்துவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போவாள்.

ஆனால் உள்ளுக்குள் வலித்திருக்கிறது. அவள் மணியக்காரியாகிப் பதினொரு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கொடி ஏறவில்லை. குளிர் வராததற்கு அவள் என்ன செய்வாள்? இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற முப்பத்துநாலு பிள்ளைகளில் ஒன்றுகூடச் சொந்த ஊர் ஐஸில் கால் வைத்ததில்லை. நகரத்தில் கூரை போட்ட அரங்கில் டிக்கெட் வாங்கிச் சறுக்கியதோடு சரி. நவம்பர் கூட்டத்தில் ஹிஸ்கே எழுந்து நின்றாள்.

"இந்த வருஷமும் திறக்கலேன்னா நான் விலகிடறேன். வேற ராசியான ஆளாப் பாத்துக்குங்க," என்றாள்.

அப்படிச் சொல்லாதே என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். தலைவன் நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, கிழக்குக் காற்று வந்தது. நாலு ராத்திரி சரியான குளிர். வெள்ளிக்கிழமை மத்தியானம் அளந்தபோது நாலரை சென்டிமீட்டர். இன்னும் ஒரே ராத்திரி உறைந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை தெற்கிலிருந்து சூடும் மழையும் வருகிறது என்பதில் மட்டும் ஏழு செயலியும் அதிசயமாக ஒத்துப்போயின. ஆகப் பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது சனிக்கிழமை ஒரே நாள். அதற்கும் நடுவில் ஒரு வில்லங்கம், பனிப்பொழிவு. மெல்லிய ஐஸ் மேல் பனி விழுந்தால் கம்பளி போர்த்தினது மாதிரி. குளிர் கீழே இறங்காது, ஐஸ் நொய்ந்துபோகும். டிராக்டர் ஏற்றினால் உடைந்துவிடும். ஆட்கள் துடைப்பத்தோடு இறங்கி உடனே கூட்டித் தள்ள வேண்டும்.

அன்று மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கொட்டகையில் ஊரைக் கூட்டினாள்.

"நார்வேக்காரன் செயலில பனியே இல்லைங்கறான். ஜெர்மன்காரன் ஒருத்தன் ரெண்டு சென்டிமீட்டர்ங்கறான், இன்னொருத்தன் பத்துங்கறான்."

"நீ என்ன சொல்றே, தாயே? அதைச் சொல்லு," என்றேன்.

"காலைல ஆறு மணிக்குக் கொட்டும். ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் துடைப்பத்தோட இங்க நிக்கணும்."

"ஆறு மணின்னா ஊர்க் கடிகாரத்துலயா, உன் கடிகாரத்துலயா?" என்றான் இட்சன்.

"உன் அடுப்புக் கடிகாரத்துல. தினம் ரொட்டி கருகுதே, அந்த நேரம்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அது அடங்கியதும் ஹிஸ்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "என்னை நம்ப வேண்டாம். துடைப்பத்தை மட்டும் எடுத்துட்டு வாங்க, போதும்."

சரி சரி, வந்துடறோம் என்று எல்லோரும் ரொம்பச் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். எங்கள் ஊர் ஜனம் அப்படி ஒரே பேச்சில் தலையாட்டுகிற ஜனமே இல்லை.

காலையில் மாட்டுக் கொட்டிலை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். வானம் நிறைய நட்சத்திரம். வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே எட்டு காட்டியது. பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. டிராக்டரில் போய்ச் சேர்ந்தபோது ஊரே புல்வெளி ஓரத்தில் விளக்கடியில் நின்றிருந்தது, தோளில் துடைப்பத்தோடு. கூட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. ஹிஸ்கே கையை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழரைக்கு வந்துடும்," என்றாள்.

ஏழரைக்கும் வரவில்லை. எட்டு மணிக்குக் கிழக்கே வெளுத்தபோது வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் கிடையாது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"சரி, தப்பாப் போச்சு. வழக்கம்போலத்தான்," என்றாள் ஒருவழியாக. "பனி இல்லைன்னா ஐஸ் நல்லா இருக்கும். நான் அளக்கறேன். நீங்கள்லாம் வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்கேட் எடுத்துட்டு வாங்க."

ஒருவரும் நகரவில்லை.

"என்ன, மரம் மாதிரி நிக்கறீங்க?"

பள்ளிக்கூட டீச்சர் நின்கேதான் முதலில் தோள்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி ஸ்கேட். "இல்ல ஹிஸ்கேக்கா, சும்மா ஒரு இதுக்கு..." என்று இழுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற வண்டியில் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு சறுக்கப் பழகுவது நாற்காலியில்தானே. அடுத்தது இட்சன், ரொட்டிக் கூடையிலிருந்து எடுத்தான். அப்புறம் கோட்டுக்குள்ளிருந்தும் சைக்கிள் கூடையிலிருந்தும் வரிசையாக வெளியே வந்தன. என்னுடையது டிராக்டர் இருக்கைக்கு அடியில் இருந்தது.

"ஆக, ஒருத்தர்கூட என்னை நம்பலை," என்றாள் ஹிஸ்கே.

"யாரு நம்பலைன்னு சொன்னா?" என்றான் இட்சன். "பனி விழும்னு நீ சொன்னப்புறம்தானே எங்களுக்குத் தைரியமே வந்துச்சு."

அவளுக்குக் கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. துளைக்கருவியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று ஐஸில் இறங்கினாள். நாலு இடத்தில் குந்தி உட்கார்ந்து துளைத்து அளந்தாள். இருநூறு பேரும் கரை ஓரத்துக்கு நெருங்கி வந்து நின்றோம்.

"அஞ்சரை," என்று அங்கிருந்தே கத்தினாள். "தலைவரே, கொடியை ஏத்துங்க."

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கொடி பாதி ஏறுவதற்குள் முப்பத்துநாலு பிள்ளைகளும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டன. விழுகிறதுகள், எழுந்திருக்கிறதுகள், ஒரே கூச்சல். நான் கரையில் உட்கார்ந்து துருப்பிடித்த என் ஸ்கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஹிஸ்கே தன் காருக்குப் போய், பின் இருக்கையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பைக்குள்ளிருந்து வந்த ஸ்கேட்டின் கத்தி பளபளவென்று இருந்தது. புதிதாகத் தீட்டியது.

"இதை எப்போ தீட்டினே?" என்றேன்.

"நேத்து சாயங்காலம்," என்றாள், குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டே. "ஆறு மணிக்குப் பனி கொட்டும்னு என் வாயால சொன்னேன்ல, உடனே வீட்டுக்குப் போய்த் தீட்டிட்டேன்."