ஜன்னல் வைத்த சில்லு

எலெக்ட்ரானிக் உதிரிப்பாகக் கடைக்கு வந்து "எது நல்லது?" என்று கேட்பவர், பதிலை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு கடையில் நானும் அப்படி நின்றேன்.

நாற்பது கால்

கடலுக்கு அக்கரையிலுள்ள செபராங் ஜெயாவிலிருந்து ஃபெரி ஏறி சரோஜா வந்தார். எலெக்ட்ரானிக் சிப் என்கிற சில்லு செய்யும் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்துப் பழுதானதைப் பிரிக்கும் வேலை. மாலை வகுப்பில் டெக்னீஷியன் சான்றிதழுக்குப் படித்தார். பரீட்சையில் சொந்தமாகச் செய்த கருவி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பழைய மைக்ரோஸ்கோப் வேலைதான். செய்ய நினைத்தது சாலைச் சந்தி விளக்கு: சிவப்பு, மஞ்சள், பச்சை. கேட்டதோ கடையிலேயே பெரிய மைக்ரோகண்ட்ரோலர், புரோகிராம் எழுதி ஓட்டும் சில்லு, நாற்பது உலோகக் கால் உள்ளது. மூன்று விளக்குக்குப் பதினெட்டுக் காலே அதிகம் என்றேன்.

"சின்னதா கொண்டுபோனா கிளாஸ்ல சார் மதிக்க மாட்டாருலா, அண்ணே."

ஒரே தடவை

ஒருவழியாகச் சின்னதற்குச் சம்மதித்தார். அதிலும் இரண்டு வகை. மலிவானதில் புரோகிராமை ஒரே தடவைதான் எழுத முடியும். விலை கூடியதன் முதுகில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் எழுதியது அழியும், மறுபடி எழுதலாம். புதிதாகக் கற்பவர் தப்பு செய்யாமல் இருக்க மாட்டார், ஜன்னல் வைத்ததை எடுங்கள் என்றேன். மலிவானதை வாங்கிப்போனார். மறுவாரம் அதைக் கவுண்டரில் போட்டார். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே எரிகிறதாம்.

"நாள் முழுக்க ரிஜெக்ட் பொறுக்குறேன் அண்ணே. இப்ப நானே ஒண்ணு செஞ்சிட்டேன்."

படம்

அடுத்து வாங்கிப்போன ஜன்னல் வைத்த சில்லு ஒழுங்காக ஓடியது. பரீட்சைக்கு முதல் நாள் கடையில் ஓட்டிக் காட்டினார். கடை முதலாளி சந்தோஷத்தில் கேமராவை எடுத்து ஃபிளாஷ் அடித்தார். விளக்குகள் அப்படியே நின்றுவிட்டன. திரும்ப ஓட்டினோம், திரும்ப அடித்தார், திரும்ப நின்றது. சரோஜா பதறிப்போனார். பரீட்சையிலும் ஒவ்வொரு கருவியையும் படம் எடுப்பார்களாம். புரோகிராம்தான் தப்பு, அழித்துவிட்டு எழுதுகிறேன் என்று கிளம்பப் பார்த்தார்.

நான் சில்லைப் பார்த்தேன். ஜன்னல் மேல் எதுவும் ஒட்டாமல் திறந்தே கிடந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் உள்ளே புகுந்து அதைத் தடுமாற வைக்கிறது என்றேன். அதை மூட டேப் தேடி நான் திரும்புவதற்குள், நெற்றியிலிருந்த கறுப்பு ஒட்டுப்பொட்டை எடுத்து ஜன்னலில் அழுத்தியிருந்தார். முதலாளி மறுபடி அடித்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடி சிவப்பு.

அடுத்த நாள் சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தார்.

"அழுக்கா இருக்கு, அந்தப் பொட்டை எடுன்னாரு சார். முதல்ல படத்தை எடுங்க, அப்புறம் எடுக்கிறேன்னேன். பாஸாயிட்டேன், அண்ணே!"

அன்றிலிருந்து புதியவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லி ஜன்னல் வைத்ததைக் காட்டினேன். கதையை ரசித்துவிட்டு மலிவானதை வாங்கிப்போனார்கள்.