சொட்டாத செம்பு

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்துவிட்டு, அண்ணாந்து குடிக்க முடியாத டம்ளரை வடிவமைத்தேன். வீடு கட்டித்தரச் சொல்லி ஆள் வராத ஆர்க்கிடெக்டுக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. இதுவும் விற்காவிட்டால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

நேற்று ஒரு வேன் நிறைய டம்ளர் வந்து இறங்கியது. ஒன்றில் தண்ணீர் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அண்ணாந்தாள். தடித்த விளிம்பில் தண்ணீர் வழிந்து கழுத்தை நனைத்தது. தொண்டையில் மட்டும் களக்கென்று ஒரு சத்தம்.

அது அப்பாவின் சத்தம். சித்திரை வீதி வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் செம்பைத் தூக்குவார். தண்ணீர் நூலாக இறங்கும். ஒரு சொட்டாவது சிந்தாதா என்று கீழே வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். ஒருநாளும் சிந்தியதில்லை.

"இன்னொரு தரம் குடிச்சுப் பாரும்மா, பழகிடும்" என்றேன்.

"துண்டை எடு."