காருக்குள்ள குடிச்ச தேத்தண்ணி

லண்டனில எங்கட ஆக்கள் லைசென்ஸ் எடுக்க முதலே கார் வாங்குற ஆக்கள். தை மாதம், நல்ல நாள், தவற விடேலாது எண்டு என்ர மனுசன் ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கிப் போட்டார். எங்கள் ரெண்டு பேருக்கும் கார் ஓடத் தெரியாது. அப்டன் பார்க்கில இருந்த இவரின்ர ஒன்றுவிட்ட தம்பிதான் வந்து எங்களை ஏத்திக்கொண்டு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனவன். பூசை முடிய, சில்லுக்குக் கீழ வைச்ச தேசிக்காயை நசிச்சுக் காரை எடுத்ததும் அவன்தான். நானும் இவரும் பின் சீட்டில மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி இருந்தம்.

பிறகு கார் வால்தம்ஸ்டோவில எங்கட வாசலில நிண்டது. நிண்டது எண்டால் நிண்டதுதான். இவர் ரெண்டு தரம் சோதனை எடுத்துப் பெயிலாகி, "உது எனக்குச் சரிவராது" எண்டு விட்டிட்டார். அவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில நைட் ஷிப்ட். காலமை வந்து படுத்தால் பின்னேரந்தான் எழும்புவார்.

நானோ? எனக்குப் பஞ்சி, பெரிய சோம்பேறி. சும்மா பஞ்சி இல்லை, சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்ச பஞ்சி. கார் பழக்கிற அண்ணை கிழமைக்கு ஒருக்கா வாசலில வந்து கோர்ன் அடிப்பார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அப்பதான் கண்ணயர்ந்த மனுசனைத் தட்டி, "எனக்குத் தலையிடி எண்டு போய்ச் சொல்லுங்கோ" எண்டு அனுப்புவன். பஸ்ஸுக்குக் குளிருக்குள்ள நிக்கவும் பஞ்சி, அதால ஒரு இடமும் போறேல்லை. வேலை தேடுறதும் நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு இழுபட்டுக்கொண்டே போச்சுது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். "அண்ணை, கார் சும்மா நிண்டு கறள் பிடிக்குது. எனக்குத் தாங்கோவன். தேசிக்காய் நசிச்சதும் நான்தானே" எண்டான். இவரும் தலையை ஆட்டினார்.

"பொறுங்கோ, எனக்குச் சோதனைக்கு நாள் வந்திருக்கு" எண்டன் நான்.

தம்பி சிரிச்ச சிரிப்பு இருக்கே! "அண்ணி, நீங்கள் எழும்பித் தேத்தண்ணி ஊத்துறதே பெரிய காரியம்!"

அட கோதாரி, எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் ஊத்தின தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே சொல்லுறான். இவர் கடைசியில தீர்ப்புச் சொன்னார்: "சரி, நீ பாசாகினால் கார் உனக்கு. இல்லாட்டி சோதனை முடிஞ்சு வாற சனிக்கிழமை அவன் வந்து கொண்டு போகட்டும்."

கோபம் விடியுமட்டும்தான் நிண்டது. காலமை கண்ணை முழிச்சால் பஞ்சி பக்கத்திலயே படுத்திருக்கு. ஆனால் இந்தமுறை பயமும் சேர்ந்து வந்திட்டுது. அந்தக் காரும் போனால் நான் இந்த வீட்டுக்குள்ளயே கிடந்து முடிஞ்சு போவன் எண்ட பயம். ஒண்டு மட்டும் வடிவா விளங்கிச்சுது: எனக்கு ஓடப் பஞ்சி இல்லை, எழும்பத்தான் பஞ்சி. காருக்குள்ளயும் மெத்தென்ற சீட்டுத்தானே இருக்கு? சோம்பிக் கிடக்கிறதை அங்க போய்க் கிடந்தால் என்ன?

நைட்டிக்கு மேல இவரின்ர பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோட போய் ட்ரைவர் சீட்டில இருந்தன். அடுத்த நாளும் போனன். பிறகு அதுவே பழக்கமாப் போச்சுது. குடிச்சு முடிய, சும்மா இருக்கேலாமல் கிளச்சை மிதிச்சுக் கியரை மாத்திப் பாப்பன். எஞ்சின் ஓடாது, ஆனால் நான் மனசுக்குள்ள விம்பிள்டன் வரைக்கும் போய் வந்திடுவன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கண்ணாடியைத் தட்டி, வீட்டில சண்டையோ எண்டு கேட்டா. "இல்லை, படிக்கிறன்" எண்டன்.

கார் பழக்கிற அண்ணை வரேக்க நான் ஏற்கெனவே சீட்டில இருப்பன். இனி எழும்பவே தேவையில்லை! "தங்கச்சி, இண்டைக்குத் தலையிடி இல்லையோ?" எண்டு கேட்டார். "ஏறுங்கோ அண்ணை, இதிலயே பழகுவம், நேரம் போகுது" எண்டன்.

சோதனையண்டு மழை. ரிவர்ஸ் எடுக்கேக்க எஞ்சின் ஒருக்கா நிண்டது உண்மை. ஆனால் பாஸ்! முதல் தரத்திலயே பாஸ்! வீட்டை வந்து, நித்திரையில கிடந்த மனுசனை உலுப்பி எழுப்பினன். இந்தமுறை தலையிடி சொல்ல இல்லை. அவர் எழும்பியிருந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். "தம்பிக்குப் போன் பண்ணட்டோ?" எண்டார். "போனைத் தொட்டீங்களோ தெரியும்! அவன் சனிக்கிழமை வரட்டும்" எண்டன்.

சனிக்கிழமை தம்பி பஸ் ஏறி வந்தான், கையில ஸ்டீயரிங்குக்குப் புது உறை. நான் அதை வாங்கி, நானே மாட்டி, ட்ரைவர் சீட்டில ஏறியிருந்தன். "பின்னால ஏறும் தம்பி, வீட்டில இறக்கி விடுறன்." அவன் அண்ணனைப் பாத்தான். அண்ணன் குசினிக்குள்ள போய் ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழ வைச்சார். நான் நசிச்சுக்கொண்டு காரை எடுத்தன்.

தம்பி பின் சீட்டுக் கதவைப் பிடிச்சபடி வந்தான். அப்டன் பார்க்கில சனிக்கிழமைச் சனம், பஸ், தள்ளுவண்டில் எல்லாத்துக்கையும் விட்டு, அவன்ர வாசலிலயே கொண்டுபோய் நிப்பாட்டினன்.

"அண்ணி, வடிவா ஓடுறியள்" எண்டான், முகம் சிவந்து. "உள்ளுக்கு வாங்கோவன், தேத்தண்ணி குடிப்பம்."

"எழும்பப் பஞ்சியாக் கிடக்குத் தம்பி," எண்டன். "நீர் ஊத்திக்கொண்டு வாரும். நான் காருக்குள்ளயே இருந்து குடிக்கிறன்."