ஆறுதலா இறக்குங்கோ

முதலில் பேசப்பட்டது தாய்லாந்து. கடற்கரை, செங்குத்தான பாறை, கயிறு கட்டி ஏறுவது, மாலையில் இளநீர். மியூனிக்கில் கணினி வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரரான அவர் தன் நண்பர்களோடு போவதாகவும், நானும் அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு. எனக்கு மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. அவருடைய நண்பர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் தாய்லாந்து ஜெர்மனியிலேயே ஒரு மண்டபத்துக்குள் வந்து நின்றது. மேலே கண்ணாடிக் கூரை, உள்ளே செயற்கைக் கடற்கரை, சீமெந்தில் செய்த மலை, வருடம் முழுவதும் ஒரே வெக்கை. "நடுவுலதான் இருக்கு, ஒரு நாள் ரிலாக்ஸ்டா இருக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்.

அந்த நாள் எனக்கு வெறும் உலாத்தல் அல்ல. அவர் தெரிந்தவர் மூலம் எனக்கு வந்த கல்யாணச் சம்பந்தம். இரண்டு தடவை சந்தித்துக் கோப்பி குடித்தாயிற்று. மூன்றாவது சந்திப்பு முடிவதற்குள் முடிவைச் சொல்வதாக இரண்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"இந்தியாப் பெடியன் எண்டாலும் நல்ல பெடியன். உனக்கும் வயசு போகுது பிள்ளை. நொட்டை சொல்லாமல் வடிவா யோசிச்சு, ஓம் எண்டு சொல்லு," என்றார் அம்மா. யோசிக்கவும் சொன்னார், பதிலையும் அவரே சொல்லிவிட்டார்.

நான் நொட்டை சொல்லும் ஆள்தான், மறுக்கவில்லை. இன்னொருவர் வாய்வைத்த கிளாசைத் தொடமாட்டேன். மருத்துவமனையில் நோயாளிகளின் சத்தி, சலம், புண் எல்லாம் துடைக்கிறேன், அது வேலை. லீவு நாளிலும் மற்றவர்களின் அழுக்கோடு கொஞ்சிக் குலாவ என்னால் ஆகாது.

மண்டபத்துக் கதவு திறந்ததும், ஈரத் துவாயைப் பைக்குள் மறந்துவிட்டு ஒரு கிழமை கழித்துத் திறந்தது போன்ற ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. அதற்கு மேல் குளோரின், பொரித்த உருளைக்கிழங்கு, தேங்காய் மணக்கும் கிறீம். வெளியே நவம்பர் மழை. உள்ளே வெயிலே இல்லை, ஆனாலும் சனங்கள் வெயிலுக்கான கிறீமைப் பூசிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்து கிடந்தார்கள். மணலில் என் காலடியில் யாருடையதோ ஒரு பிளாஸ்டர், காய்ந்த இரத்தத்தோடு. தண்ணீர் இளஞ்சூடாக, லேசாக வழுவழுத்தது. ஒலிபெருக்கியில் கிளிகள் கத்தின. இடையில் கிளிகளை நிறுத்தி, பிழையான இடத்தில் விட்ட காரை எடுக்கச் சொல்லி ஜெர்மனில் அறிவித்தார்கள்.

"உதுக்குள்ளயோ குளிக்கப் போறம்?" என்று அக்கா மூக்கைப் பொத்தினாள்.

அவருக்கோ ஒரே மகிழ்ச்சி. "செமையா இருக்குல்ல? இந்தச் சூடு, இந்தப் புழுக்கம்... அப்படியே நம்ம ஊரு!" என்றார்.

என் ஊர் ஜெர்மனியின் ஹம் நகரம். அங்கே காற்று குளிராக, சுத்தமாக இருக்கும். இருந்தாலும், "ஓம்," என்றேன்.

"ஓமா! சாமி கும்பிடுற மாதிரியே இருக்கு. செம க்யூட்!" என்று சிரித்தார். முதல் கோப்பியின்போது இதே பகிடிக்கு நானும் சிரித்தேன். இரண்டாவது கோப்பிக்குப் பல்லை மட்டும் காட்டினேன். இப்போது பல்லைக் கடித்தேன். ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அக்காவின் பையை வாசலிலிருந்து சுமந்து வந்தவர் அவர்தான். எங்களுக்குக் கதிரை பிடித்துத் தந்தவரும் அவர்தான். சரி, சிரிப்பு ஒரு குற்றமா என்று என்னையே அடக்கிக்கொண்டேன்.

ஏறுவதற்கு வாடகைச் சப்பாத்துத் தந்தார்கள். உள்ளே ஈரம். யாருடைய வியர்வை என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தேன். இடுப்பில் பட்டியைக் கட்டி, கயிற்றை மாட்டினார்கள். ஏறுகிறவரின் பாரத்தைக் கீழே நிற்பவர் கயிற்றில் தாங்க வேண்டும். ஒரு கை கயிறு ஓடும் கருவியின் பிடியில், அதை இழுத்தால் கயிறு இளகும்; மற்றக் கை கயிற்றில். கயிற்றுக் கையை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது என்று அங்கே வேலை செய்யும் பெண் இரண்டு தரம் சொன்னாள். தான் வாராவாரம் ஏறுவதாக அவர் தன் ஏறுபயிற்சி அட்டையை எடுத்துக் காட்டி, என் கயிற்றை வாங்கிக்கொண்டார்.

ஏறுவது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை. கீழே இருந்த நாற்றமும் கிளியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயின. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பொந்துக்குள் விரல்களை விட்டேன். மெத்தென்று ஏதோ ஒட்டியது. இழுத்துப் பார்த்தால் யாரோ சப்பித் துப்பிய சூயிங்கம், அதோடு ஒரு நீள முடி. கண்ணைத் திருப்பக் கீழே பார்த்தேன். தலை சுற்றியது.

"ஆறுதலா இறக்குங்கோ!" என்று கத்தினேன்.

எங்கள் ஈழத்துத் தமிழில் ஆறுதலா என்றால் மெதுவாக, அவசரப்படாமல். அவருடைய தமிழில் ஆறுதல் என்பது இழவு வீட்டில் போய்ச் சொல்வது.

"ஒண்ணும் ஆகாதும்மா! நான் இருக்கேன்ல!" என்று அவர் ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டே பிடியை இழுத்தார். கயிறு சரசரவென்று ஓடியது.

"ஐயோ, ஆறுதலா! ஆறுதலா!"

"பயப்படாத! சூப்பரா பண்ற!"

நான் கெஞ்சக் கெஞ்ச அவர் தேற்றினார், அவர் தேற்றத் தேற்ற நான் விழுந்துகொண்டிருந்தேன். அக்கா போட்ட கூச்சலில் திடுக்கிட்டுப் பிடியை விட்டார். கருவி தானாகவே கயிற்றை இறுக்கியது. முழங்கால் சீமெந்தில் உரசித் தோல் உரிய, நான் அந்தரத்தில் தொங்கினேன். அப்போதுதான் அவருடைய மற்றக் கை கண்ணில் பட்டது. கயிற்றில் இருக்க வேண்டிய கையில் போன் இருந்தது.

நான் ஒருவாறு கீழே வந்ததும் ஓடிப்போய் ஐஸ் பை வாங்கி வந்தவரும் அவர்தான். "நீதானே ஆறுதல் கேட்ட? அதான் சொன்னேன்," என்றார். அர்த்தத்தை விளக்கினேன். சொல் விளங்காதது ஒரு பிழையே இல்லை. அவர் ஊரில் போய் நின்றால் நானும் எத்தனை சொல்லுக்கு முழிப்பேனோ. அதை அந்த இடத்திலேயே மன்னித்தேன்.

"கயிறு பிடிக்கிற கையில ஏன் போன்?" என்று கேட்டேன்.

"அதனாலதான் இந்த வீடியோ கெடச்சுது! பாரேன்," என்று போட்டுக் காட்டினார். கோணிப்போன என் வாய், என் அலறல். நான் கீழே வந்து பட்டியைக் கழற்றுவதற்குள் நண்பர்களுக்கும் அனுப்பியிருந்தார். சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்திருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக, பெருமையோடு காட்டினார்.

எனக்கு அவரை அருவருத்தது. முழங்காலில் ஐஸ் பையைப் பிடித்திருந்த அந்தச் சுத்தமான விரல்கள்கூட அருவருத்தன. பாவம், நல்ல மனுசன்தானே என்று அம்மாவின் குரலில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் இறங்கவில்லை. என்னைப் பிடிக்க வேண்டிய கையால் என்னைப் படம் பிடித்த மனுசன். இவரோடு வீடு எடுத்து, பிள்ளை பெற்று, நோய் வருத்தம் வந்தால் இவரை நம்பிப் படுக்கவேண்டுமே என்று நினைத்தபடி ஐஸ் பையை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

கைகழுவும் இடத்தில் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "அம்மாவை நான் பாத்துக்கொள்ளுறன். நீ உன்ர மனசில உள்ளதைச் சொல்லு," என்றாள்.

ரயில் நிலையத்தில் அக்கா வேண்டுமென்றே தள்ளிப்போய் நின்றாள். அவர் தொண்டையைச் செருமினார். "வீட்ல கேப்பாங்க. என்ன முடிவு பண்ணியிருக்க?"

"ஏலாது," என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "ஏலாதா! அய்யோ, இது ஓமை விட க்யூட். இரு, இரு. இன்னொரு வாட்டி சொல்லு," என்று போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

இந்த முறை அவருடைய தமிழிலேயே சொன்னேன். "முடியாது."

போனைக் கீழே இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.