விசாவுக்கு முன்னால் மொட்டை

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க ஆரம்பித்தால் வேறு வேலை நடக்காது. திருத்தணி மலைக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. முடி கொடுத்துவிட்டு இறங்கி வருகிறவர்களுக்குச் சந்தனமும் தொப்பியும் விற்கிறேன். வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. தலையைப் பார்ப்பேன். தொப்பியின் அளவு தெரிந்துவிடும்.

ஐந்தாவது வரை படித்தேன். இதை எழுதச் சொன்னது என் மகள். "நீ வாயால சொல்ல மாட்ட. எழுதிப் பாரும்மா" என்றாள்.

மகளைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள். அவள் உண்டானாள். தலைப்பிரசவம். அதிகம் நடக்கக் கூடாது, படுத்தே இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவள் சின்ன வயதிலிருந்து எதையும் கேட்கிற பெண் இல்லை. என்னை மாதிரி. அன்றைக்குப் போனில் கேட்டாள்.

"அம்மா, நீ வரியா?"

"வரேன்" என்றேன். விசா என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

எனக்கு முன்னால் சம்பந்தியம்மா முயற்சி செய்திருந்தார். தெலுங்கு வீடு. என்னை வதினா என்பார், அண்ணி என்று அர்த்தம். மெட்ராஸ் போய் வந்த கதையை என் கடையில் உட்கார்ந்து சொன்னார்.

"எதுக்குப் போறேன்னு கேட்டான் வதினா. நான் பொய் சொல்லுவனா? சமைக்கணும், துணி தோய்க்கணும், ஏனம் தேய்க்கணும், கொழந்தைக்குத் தண்ணி ஊத்தணும், அங்க எல்லா வேலையும் நான்தான் செய்யணும்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"வேலைக்குப் போறதுன்னா வேற விசான்னு திருப்பி அனுப்பிட்டான்."

அதனால் நான் படித்துத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று முடிவானது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் விசா வேலையும் பார்க்கிறார். பலகையில் 'அனைத்து நாட்டு விசா' என்று எழுதியிருக்கும். எல்லாரும் விசா சார் என்போம். அவர் ரேணிகுண்டாவுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. பாஸ்போர்ட்டும் கிடையாது. அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை. மரியாதை.

"யக்கா, மலை மேல பொது தரிசனம் கீது, டிக்கெட் தரிசனம் கீது, சிபாரிசுல போறது கீது. விசாவும் அப்படித்தான்" என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"உன் மாப்பிள்ளைக்கு வேலை விசா. கம்பெனி அவரைப் புடிச்சிகினு இருக்கற வரைக்கும் அங்க இருக்கலாம். உன் பொண்ணு அவரைப் புடிச்சிகினு கீறா. அதுக்குக் கூட வர்றவங்க விசா. அதுல வேலை செய்யக் கூடாது."

"சமைக்கிறாளே?"

"அது வேலை இல்லக்கா."

"பின்ன?"

"சம்பளம் குடுத்தாத்தான் வேலை. சும்மா செஞ்சா வேலை இல்ல."

இதை எங்கள் வீட்டுக்காரரும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அமெரிக்காவிலும் இதே சட்டம் என்று தெரிந்தது.

"படிக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. வழியில ஏரோப்ளேன் மாறி ஏர்றவங்களுக்கு ஒண்ணு. உனக்கு இதெல்லாம் வேணாம். உனக்குச் சுத்திப் பாக்கறவங்க விசா."

"எதைச் சுத்திப் பாக்கறது?"

"இன்னாத்தையாவது பாரு. சிலை கீது, அருவி கீது."

அதிலிருந்து தெருவில் எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்தார்கள். பிரசவம் என்ற வார்த்தையே வரக் கூடாது என்றார் பூக்கடைக்காரர். அருவி பேரைக் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும் என்றார் டீக்கடைக்காரர். சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். சிரித்துக் காட்டினேன். வேண்டாம், சும்மாவே இரு என்றுவிட்டார்.

வீட்டுக்காரர் மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் எதையும் யோசித்துத்தான் செய்வார். "நான் வரல. ரெண்டு பேரும் கெளம்பினா திரும்ப மாட்டோம்னு நெனைப்பான். ஒரு ஆளு இங்க அடமானமா இருக்கணும்" என்றார். அடமானத்துக்கு மதியச் சோறு யார் போடுவது என்றுதான் அவருக்குக் கவலை. அதை இரண்டு தடவை கேட்டார்.

திரும்பி வருவேன் என்பதற்குச் சாட்சிகள் வேண்டும் என்றார் விசா சார். வீட்டு வரி ரசீது, பட்டா, பேங்க் புத்தகம், கல்யாணப் போட்டோ எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கினார். ரேஷன் கார்டையும் வைத்தார். மளிகைக் கடைப் பை போல ஆனது. மாட்டுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கவில்லை. எங்களிடம் மாடு இல்லை.

முதலில் மெட்ராஸ் போய் விரல் ரேகை வைத்து, போட்டோ பிடித்துக்கொண்டு வர வேண்டும். போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, பூ வைத்துக்கொண்டு போனேன். போட்டோவுக்குப் பூவை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதற்கும், தூதரகத்தில் கேள்வி கேட்கிற நேர்முகத்துக்கும் இடையில் ஒரு நாள் இருந்தது.

அன்றைக்குச் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"வதினா, நான் பண்ண தப்பு இப்பத்தான் புரிஞ்சிது. விசா குடு, முடி தரேன்னு வேண்டிகினேன். சாமி நம்பல. நீ மொதல்ல முடியைக் குடுத்துடு. அப்புறம் அவரு குடுக்காம இருக்க முடியாது."

யோசித்துப் பார்த்தேன். வியாபாரத்தில் நானும் அப்படித்தான். காசு கையில் வந்தால்தான் தொப்பி. மலைக்குப் போனேன். முடி எடுப்பவர் என்னைத் தெரிந்தவர். "ஊருக்கெல்லாம் தொப்பி போடற, இன்னிக்கு உனக்கே வேணுமா?" என்றார். குளித்து, கும்பிட்டு, என் கடைச் சந்தனத்தையே பூசிக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது. நல்ல சந்தனம்தான் விற்கிறேன்.

சாயங்காலம் கோப்பை வாங்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். விசா சார் என்னைப் பார்த்தார். கையிலிருந்த காகிதம் கீழே விழுந்தது.

"யக்கா! இன்னா காரியம் பண்ண?"

"மொட்டை."

"தெரியுது! நேத்துப் பிடிச்ச போட்டோல முடி கீது. தலையில முடி இல்ல. ஆள் மாறாட்டம்னு சொல்லுவான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் யார் தலையைப் பார்த்தும் அந்த யோசனை எனக்கு வந்ததில்லை. எங்களுக்கு மொட்டை என்பது குளித்துவிட்டு வருவது மாதிரி. வெள்ளைக்காரனுக்கு அப்படி இருக்காது.

விசா சார் ஓடிப் போய் ஒரு டோப்பா கொண்டு வந்தார். கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவருடையது. இடுப்பு வரை தொங்கியது. என் தலையில் வைத்துப் பார்த்தார். ஆட்டோவில் வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ராணி மாதிரி கீற. ஆனா அந்த ராணிக்கு எதுக்கு அமெரிக்கா?" என்றார். கழற்றிக் கொடுத்துவிட்டேன். என் முடியை மலையில் கொடுத்துவிட்டு, இன்னொருத்தர் முடியைத் தலையில் வைத்துக்கொள்வது சரியில்லை. மகளுக்குச் சொல்லவில்லை. படுத்திருக்கிறவளை எதற்குக் கலக்க வேண்டும்?

காலையில் ரயில் ஏறினேன். எதிரில் ஒரு அம்மா. என் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "திருப்பதியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். லட்டுக்கு.

"திருத்தணி."

"ஓ." கை திரும்பிப் போனது.

அரக்கோணத்தில் ஏறியவரும் திருப்பதி என்றார். பெரம்பூரிலும் திருப்பதி. முருகன் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரோ தெரியவில்லை.

தூதரகத்துக்கு வெளியே நீள வரிசை. எல்லார் கையிலும் கோப்பு. எல்லாரும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அருவி பேர்தான் சொல்கிறார்களோ என்னவோ. உள்ளே போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விரல் பழைய விரல்தான். போகச் சொன்னார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் தமிழில் பேச ஒரு அம்மா. அவர் கேட்பதை இவர் சொல்வார். அதிகாரி என் தலையைத்தான் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி தலை. குரலை இறக்கி ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அங்கே வைத்தியம் பார்க்கப் போறீங்களா?" என்றார் தமிழம்மா. அவர் குரலும் இறங்கிவிட்டது.

இது எனக்கு யாரும் சொல்லித் தராத கேள்வி. எங்கள் ஊருக்கு வெளியே, முடி போன பெண் என்றால் பெரிய வியாதி. மகள் படுத்திருப்பது கண்ணில் வந்தது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"வியாதி இல்லைங்க. சாமிக்கு முடி குடுத்தேன்."

தமிழம்மா அவரிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். அதில் திருப்பதி என்று காதில் விழுந்தது.

"திருத்தணிங்க" என்றேன்.

"அவருக்குத் திருப்பதின்னாத்தாம்மா புரியும்."

"நான் போனது திருத்தணி."

அதிகாரி என்ன தகராறு என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்து, பிறந்த ஊர் என்று போட்டிருந்ததை அவரே படித்தார். 'டிருட்டானி' என்றார். பரவாயில்லை. திருப்பதி என்று சொல்லவில்லை.

"எதுக்காக முடி கொடுத்தீங்கன்னு கேக்கறார்."

"விசா கெடைக்கணும்னு."

"கிடைச்ச பிறகுதானே கொடுப்பாங்க?"

"முன்னாடியே குடுத்துட்டேன்."

"கிடைக்கலன்னா?"

"முடி வளந்துடும்ங்க."

தமிழம்மா சிரிப்பை அடக்க வாயைக் கையால் மூடிக்கொண்டார். அப்புறம் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"எதுக்குப் போறீங்க?"

அருவி பேர் மறந்துவிட்டது. "பொண்ணுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு."

"இங்கே என்ன தொழில்?"

"மொட்டைத் தலைக்குத் தொப்பி விக்கறேன்."

இதை இரண்டு தடவை கேட்டார்.

"எப்போ திரும்புவீங்க?"

"ஆடிக் கிருத்திகைக்குள்ள."

"ஏன்?"

"அன்னிக்குத்தான் தலை அதிகமா வரும்."

கோப்பைத் தூக்கிக் காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது, போங்க என்றார் தமிழம்மா. வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். முந்தானையால் தலையையும் கண்ணையும் துடைத்துக்கொண்டேன். வெயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். கோப்பினால் கிடைத்தது என்றார் விசா சார். அடமானத்தினால் என்றார் வீட்டுக்காரர். தன் யோசனையினால் என்றார் சம்பந்தியம்மா. முருகன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே விசா சார் தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம், "போட்டோவுக்கு அப்புறம் மொட்டை அடிச்சிட்டு வந்துடுங்க. அவங்க விரும்பறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குத் தொப்பி வியாபாரம் கூடியது.

சித்திரையில் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்த மகள் என் தலையைப் பார்த்து அழுதாள். "உனக்கு இன்னாம்மா ஆச்சு?" இவளும் அமெரிக்கக்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். "உனக்காகத்தான் குடுத்தேன். போய்ப் படு" என்றேன்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். நான் சுற்றிப் பார்க்கிற விசாவில் போனவள். அடுப்பு, தொட்டில், துணி மெஷின் மூன்றையும் நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். அருவி எந்தப் பக்கம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா என் தலையைப் பார்த்து வாரா வாரம் சூப் கொண்டு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். வியாதி இல்லை என்று மகள் சொன்னாள். தைரியமான பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாராம். ஒரு நாள் கம்பளி நூலில் அவரே பின்னிய தொப்பி கொடுத்தார். இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் தொப்பி கொடுத்ததில்லை. திருப்பிப் பார்த்தேன். நல்ல பின்னல். போட்டுக்கொண்டேன்.

சொன்னபடி ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வந்துவிட்டேன். அடமானம் மெலிந்திருந்தது.

இப்போது வேறு பிரச்சனை. பேத்திக்கு முதல் முடி எங்கள் மலையில்தான் எடுக்க வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் இங்கே வந்தால், திரும்பிப் போக பாஸ்போர்ட்டில் மறுபடி விசா முத்திரை வாங்க வேண்டுமாம். கிடைக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். நான் போனால் திரும்ப மாட்டேன் என்று பயந்தார்கள். மகள் வந்தால் திரும்ப முடியாது என்று பயப்படுகிறாள். பேத்தி அங்கே பிறந்ததால் அவளுக்கு அந்த ஊர் பாஸ்போர்ட். அவள் திருத்தணிக்கு வர விசா வேண்டும்.

விசா சாரிடம் கேட்டேன்.

"மொட்டை அடிக்க எந்த விசா?"

அவர் தன் பலகையை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குன்னு தனியா இல்லக்கா. சுத்திப் பாக்கறவங்க விசாதான்."

"கைக்கொழந்தை எதைச் சுத்திப் பாக்கும்?"

"உன்னத்தான்."

பேத்தி போட்டோ இருக்கிறதா என்றார். போனில் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவளுக்குத் தலையில் முடி கம்மி. எங்கள் கடைக்கு வருகிற தலை மாதிரியே இருக்கும்.

"இது போதும்க்கா. ஆள் மாறாட்டம்னு சொல்ல மாட்டான். முடி வளர்றதுக்குள்ள விசாவுக்குப் போட்டுடலாம்" என்றார்.